குலைநோய்ப் பூஞ்சையின் அமினோ அமில மியூட்டன்ட் தகராறு செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

நெல் குலைநோய்ப் பூஞ்சையான மேக்னபோர்தே ஒரைசேயில் ஓர் அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் ஜீனை நீக்குகிறோம்; கிடைப்பது மியூட்டன்ட். அதன் வித்துகளை (ஸ்போர்) நெல் இலையில் தெளிக்கிறோம். நோய் வரவில்லை. "இந்த ஜீன் நோய்த்திறனுக்குத் தேவை" என்று ஆய்வேட்டில் எழுதிவிடலாம். ஆனால் மதிப்பீட்டாளர் கேட்கப்போவது வேறு: நோய் வராததற்குக் காரணம் வெறும் பட்டினியா, வித்தே சரியில்லையா, இலைக்குள் போன பிறகு ஏதோ தடைபட்டதா? இந்த மூன்றையும் பிரித்துக் காட்டும்போது ஆய்வகங்களில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளைக் கீழே பார்க்கலாம். ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனை முதலில், காசு பிடிக்கும் சோதனை கடைசியில்.

எந்தச் சோதனையானாலும் நான்கு ஸ்ட்ரெய்ன்கள் ஒரே நாளில், ஒரே முறை காய்ச்சிய மீடியத்தில் இருக்க வேண்டும்: வைல்டு டைப் (ஜீன் மாற்றாத பூஞ்சை: கை11, 70-15, பி157, எது உங்கள் மூலமோ அது), மியூட்டன்ட், மார்க்கர் (மருந்தெதிர்ப்பு தரும் அடையாள ஜீன்) வேறெங்கோ நுழைந்து ஜீன் முழுசாக இருக்கும் எக்டோபிக், ஜீனைத் திருப்பிக் கொடுத்த காம்ப்ளிமென்ட். எக்டோபிக் இல்லாமல் செய்த சோதனையில் குறை ஜீனாலா, புரோட்டோபிளாஸ்ட் (சுவர் நீக்கிய செல்) எடுத்து ஹைக்ரோமைசின் மருந்தில் வளர்த்த பாட்டாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

## அறிகுறி 1: வைல்டு டைப்பே மினிமல் மீடியத்தில் வளரவில்லை

மினிமல் மீடியம் என்பது அமினோ அமிலம் சேர்க்காத, உப்பும் சர்க்கரையும் வைட்டமினும் மட்டுமான வளர்ப்பூடகம். இது சரியாகாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

வைட்டமின். பெரும்பாலும் இதுதான். இந்தப் பூஞ்சைக்குத் தயமினும் பயோட்டினும் வெளியிலிருந்து வேண்டும். ஆஸ்பர்ஜில்லஸுக்கு எழுதிய செய்முறையை அப்படியே எடுத்தால் இரண்டும் விட்டுப்போகும். ஒரு லிட்டருக்குச் சோடியம் நைட்ரேட் 6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.52, மக்னீசியம் சல்பேட் (ஏழு நீரேறியது) 0.52, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1.52, குளுக்கோஸ் 10 கிராம், நுண்சத்துக் கரைசல் 1 மி.லி., அகார் 15 கிராம், பி.எச். 6.5. இதை ஆட்டோகிளேவ் செய்து கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு தயமின் 10 மி.கி., பயோட்டின் 0.5 மி.கி. இரண்டையும் 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடித்துச் சேருங்கள். தயமின் சூட்டில் சிதையும்.

மீடியம் பழுப்பேறியிருக்கிறதா? குளுக்கோஸும் அமினோ அமிலமும் ஒரே பாட்டிலில் வெந்தால் இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து அமினோ அமிலத்தின் அளவு குறையும். குளுக்கோஸைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்யுங்கள்.

வளர்ச்சி மெல்லியதாக இருக்கிறதே என்றால் அது கோளாறு இல்லை. மினிமல் மீடியத்தில் வைல்டு டைப்பும் கண்ணாடி போல மெலிந்து, பரந்துதான் வளரும். அதனால் காலனி விட்டத்தை மட்டும் அளக்காதீர்கள். மெலிந்து படர்ந்த மியூட்டன்டும் அடர்ந்து வளர்ந்த வைல்டு டைப்பும் ஒரே விட்டம் காட்டும். திரவ மீடியத்தில் வளர்த்து, மிராகிளாத்தில் (வடிதுணி) வடித்து, உலர் எடை எடுங்கள்.

## அறிகுறி 2: வளரக் கூடாத மியூட்டன்ட் மினிமல் மீடியத்தில் வளர்கிறது

எப்படி வளர்கிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

### முதலில் சிலந்தி வலை போலப் படர்ந்து, பிறகு நின்றுவிட்டது

கூட வந்த சாப்பாடு. கம்ப்ளீட் மீடியத்தில் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், பெப்டோன், காசமினோ ஆசிட் (புரதத்தைப் பிளந்த அமினோ அமிலக் கலவை) எல்லாம் உண்டு. அங்கிருந்து வெட்டிய 5 மி.மீ. அகார் துண்டே சில நாளைக்குத் தீனி. புதிய மினிமல் பிளேட்டின் ஓரத்திலிருந்து இழை நுனியை எடுத்து இன்னொரு மினிமல் பிளேட்டுக்கு மாற்றுங்கள். உண்மையான ஆக்ஸோட்ரோஃப் (அந்த அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாத மியூட்டன்ட்) இரண்டாவது பிளேட்டில் அசையாது. இன்னும் சுத்தமாக வேண்டுமானால் வித்துகளை மூன்று முறை மலட்டு நீரில் கழுவி, 10 மைக்ரோலிட்டர் சொட்டாக வையுங்கள்.

### மெல்லியதாக, ஆனால் நிற்காமல் வளர்கிறது

அகாரைச் சந்தேகியுங்கள். மலிவான அகாரில் நைட்ரஜன் அழுக்கு இருக்கும். அதே சோதனையைத் திரவ மீடியத்தில் அல்லது அகரோஸில் செய்யுங்கள். அங்கே வளர்ச்சி நின்றால் குற்றவாளி அகார். அங்கேயும் வளர்ந்தால், அதே வேலையைச் செய்யும் இரண்டாவது ஜீன் இருக்கலாம். ஈஸ்டில் லைசின் பாதையின் முதல் படியான ஹோமோசிட்ரேட் சிந்தேஸுக்கு லிஸ்20, லிஸ்21 என்று இரண்டு ஜீன் உண்டு. ஒன்றை நீக்கினால் மற்றது சமாளித்துவிடும். ஜீனோமில் ஒத்த வரிசை தேட ஒரு மதியம் போதும், செலவும் இல்லை. இதை ஜீன் நீக்கும் முன்பே செய்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

### வைல்டு டைப் மாதிரியே அடர்த்தியாக வளர்கிறது

பழைய கருவும் புதிய கருவும் கலந்த ஹெட்டரோகேரியான், அல்லது கலப்படம். ஒற்றை வித்து எடுங்கள். ஒரு கானிடியத்தில் (வித்தில்) மூன்று அறைகள் இருந்தாலும் மூன்றின் கருவும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவை. எனவே ஒற்றை வித்திலிருந்து வரும் காலனி தூய்மையானது. பிசிஆரில் மார்க்கர் இருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. நீக்கிய ஜீனின் உட்பகுதிக்கு பிரைமர் போட்டு, பேண்ட் இல்லை என்பதையும் பாருங்கள்.

## அறிகுறி 3: அமினோ அமிலம் கொடுத்தும் மியூட்டன்ட் எழவில்லை

அதிக நேரம் விழுங்கும் அறிகுறி இது. பெரும்பாலும் ஜீனில் தவறு இருக்காது, ஊட்டலில்தான் இருக்கும்.

அளவு. தொடக்கம் 1 மில்லிமோலார். லிட்டருக்கு: அர்ஜினின் மோனோஹைட்ரோகுளோரைடு 210.7 மி.கி., லைசின் மோனோஹைட்ரோகுளோரைடு 182.6, மெத்தியோனின் 149.2, லூசினும் ஐசோலூசினும் தலா 131.2, வாலின் 117.1, டிரிப்டோஃபான் 204.2. டப்பாவில் ஹைட்ரோகுளோரைடு என்றிருக்க, தனி அமிலத்தின் மூலக்கூறு எடையை வைத்துக் கணக்குப் போடுவது வழக்கமான சறுக்கல். ஹைட்ரோகுளோரைடு அல்லாத அர்ஜினின் வாங்கியிருந்தால் அது காரத்தன்மை உள்ளது. 5 மில்லிமோலார் போட்டால் பி.எச். ஏறிவிடும். சேர்த்த பிறகு பி.எச்.சை மீண்டும் பாருங்கள். டிஎல் கலவை வேண்டாம், எல் வடிவம்தான்.

0.1, 0.5, 1, 5 என்று நான்கு அளவு வையுங்கள். 5இல் மட்டும் எழுந்தால் உள்ளே நுழைவதில் சிக்கல். 0.5இல் நன்றாக வளர்ந்து 5இல் சுருங்கினால் அதிக அளவே நஞ்சாகிறது.

நைட்ரஜன் மூலம். மீடியத்தில் அம்மோனியம் உப்பு இருக்கிறதா? அம்மோனியமோ குளுட்டமினோ தாராளமாகக் கிடைத்தால் பூஞ்சை பொது அமினோ அமில பெர்மியேஸை (அமிலத்தை உள்ளே கடத்தும் புரதம்) அடக்கிவைக்கும். நீங்கள் போட்ட அமிலம் வெளியிலேயே கிடக்கும். நைட்ரேட்டுக்கு மாற்றிப் பாருங்கள். பல சமயம் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதற்குப் பிறகு அமிலத்துக்கு அமிலம் வழி வேறு.

### அர்ஜினின்

பாதையின் இடைப்பொருள்களை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஆர்னித்தின் கொடுத்தாலே எழுந்தால் தடை ஆர்னித்தினுக்கு முன்னால்: ஆர்க்5,6 அல்லது ஆர்க்7 வகை ஜீனில். ஆர்னித்தினுக்கும் சிட்ருலினுக்கும் அசையாமல் அர்ஜினினுக்கு மட்டும் எழுந்தால் ஆர்க்1 போன்ற கடைசிப் படிகள். அர்ஜினினுக்கும் எழவில்லையென்றால் ஊட்டலை அல்லது இரண்டாவது பழுதைத் தேடுங்கள். நீக்கியது ஆர்க்1, எழுந்ததோ ஆர்னித்தினுக்கு என்றால், நீங்கள் நீக்கியது அந்த ஜீனே இல்லை.

### லைசின்

பயிர் லைசினை டைஅமினோபிமெலேட் வழியில் செய்கிறது, பூஞ்சை ஆல்ஃபா அமினோஅடிபேட் வழியில். ஆகவே டைஅமினோபிமெலேட் கொடுத்துப் பயனில்லை. ஆல்ஃபா அமினோஅடிபேட்டுக்கு, அதற்கு முந்தைய படியில் தடையுள்ள லிஸ்20 வகை எழும், பிந்தைய படியில் தடையுள்ள லிஸ்2 வகை எழாது.

லைசின் மியூட்டன்ட் காசமினோ ஆசிட் உள்ள மீடியத்திலேயே தடுமாறினால் திகைக்க வேண்டாம். அர்ஜினினும் லைசினும் ஒரே வாசலுக்குப் போட்டியிடுபவை. நியூரோஸ்போராவின் லைசின் மியூட்டன்ட்களை அர்ஜினின் முடக்குவது 1940களிலேயே தெரிந்த விஷயம். அர்ஜினின் இல்லாத மீடியத்தில் லைசின் மட்டும் கொடுங்கள், அல்லது லைசினை 5 மில்லிமோலாருக்கு ஏற்றுங்கள்.

### ஐசோலூசின், வாலின்

அசிட்டோலாக்டேட் சிந்தேஸ் (இல்வ்2, இல்வ்6) போனால் இரண்டுமே வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு "எழவில்லை" என்பது அடிக்கடி நடக்கும். இரண்டும் கொடுத்தும் எழாவிட்டால் விகிதத்தை மாற்றுங்கள்: 1:1, 2:1, 1:2. ஒன்று மிகுந்தால் மற்றதன் நுழைவு அடைபடும். லூசினையும் ஆசைக்கு அள்ளிப்போடாதீர்கள், அதுவும் அதே வாசல்தான்.

### மெத்தியோனின்

ஹோமோசிஸ்டீனுக்கு எழவில்லை, மெத்தியோனினுக்கு எழுகிறது என்றால் தடை கடைசிப் படியில், அல்லது அந்தப் படிக்கு மெதில் தொகுதியைத் தரும் மெட்13 வகையில். ஹோமோசிஸ்டீனும் சிஸ்டீனும் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையும். அன்றன்று கரைத்து, வடித்து, அன்றே ஊற்றுங்கள். போன மாத ஸ்டாக்கை வைத்துக் கிடைத்த "எழவில்லை" செல்லாது.

### டிரிப்டோஃபான்

காசமினோ ஆசிட் அமில நீராற்பகுப்பில் கிடைப்பது. அந்தச் சூட்டில் டிரிப்டோஃபான் அழிந்துவிடும். காசமினோ ஆசிட்டை மட்டும் நம்பினால் டிரிப்டோஃபான் மியூட்டன்ட் பட்டினிதான். 100 மில்லிமோலார் ஸ்டாக் அறை வெப்பத்தில் கரையாது. 40 மில்லிமோலாராகச் செய்து, லிட்டருக்கு 25 மி.லி. சேருங்கள். பாட்டிலில் அலுமினியத்தாள் சுற்றி 4° செ.இல் வையுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் கொட்டிவிடுங்கள்.

டைரோசின் இன்னும் மோசம். லிட்டருக்கு அரை கிராம்கூடக் கரையாது. அடியில் வெள்ளையாகத் தங்கியிருந்தால் பூஞ்சைக்குப் போனது எவ்வளவு என்றே தெரியாது.

## அறிகுறி 4: டிரான்ஸ்ஃபார்மன்டே (புதிய டிஎன்ஏ ஏற்ற காலனி) வரவில்லை, வந்தாலும் எல்லாம் எக்டோபிக்

புரோட்டோபிளாஸ்ட்டை மீட்கும் மீடியத்தில் நீங்கள் நீக்கப்போகும் அமிலம் இருக்கிறதா? இல்லையென்றால் சரியான மியூட்டன்ட் அங்கேயே செத்துவிடும், ஜீன் அப்படியே உள்ள எக்டோபிக் மட்டும் பிழைத்து வரும். ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டும் காசமினோ ஆசிட்டும் 20 சதவீத சுக்ரோஸும் உள்ள மீட்பு மீடியத்தோடு அந்த அமிலத்தைத் தனியாகவும் 1 முதல் 5 மில்லிமோலார் சேருங்கள். மேலே ஊற்றும் அகாரிலும், ஹைக்ரோமைசின் பிளேட்டிலும் சேருங்கள். மேலகாரில் மறந்துபோவது வாடிக்கை.

மார்க்கர் தேர்வில் ஒரு பொறி உண்டு. சல்ஃபோனைல்யூரியா என்ற களைக்கொல்லி தாக்குவது அசிட்டோலாக்டேட் சிந்தேஸை. பியாலஃபாஸ் தாக்குவது குளுட்டமின் சிந்தட்டேஸை. இரண்டுமே அமினோ அமிலம் நிறைந்த மீடியத்தில் வேலை செய்யாது. எதிர்ப்பு இல்லாத காலனிகளும் எழுந்து நிற்கும். இவற்றுக்கு அமினோ அமிலம் இல்லாத வரையறுத்த மீடியம் வேண்டும், உங்கள் மியூட்டன்ட்டுக்கோ அமினோ அமிலம் வேண்டும். இந்த முட்டலைத் தவிர்க்க அமினோ அமில ஜீன்களுக்கு ஹைக்ரோமைசின் (மில்லிக்கு 200 முதல் 300 மைக்ரோகிராம்) நல்லது. ஐசோலூசின், வாலின் வேலைக்குச் சல்ஃபோனைல்யூரியா மார்க்கர் வேண்டவே வேண்டாம். அந்த மார்க்கரே ஒரு அசிட்டோலாக்டேட் சிந்தேஸ் ஜீன்தான்.

## அறிகுறி 5: நன்றாக வளர்கிறது, வித்து வரவில்லை

வைல்டு டைப்பும் குறைவாகத்தான் தருகிறதா என்று பாருங்கள். திரும்பத் திரும்ப மாற்றி வளர்த்த காலனி வித்தும் நோய்த்திறனும் இழக்கும். உலர்ந்த ஃபில்டர் தாளில் −20° செ.இல் வைத்த மூலத்திலிருந்து புதிதாக எழுப்புங்கள்.

மியூட்டன்டில் மட்டும் குறைவு என்றால், ஓட்ஸ் அகாரில் அந்த அமிலத்தை 1, 5 மில்லிமோலார் சேர்த்து, வெளிச்சத்தில் 25° செ.இல் 7 முதல் 10 நாள் வளர்த்து, ஹீமோசைட்டோமீட்டரில் (எண்ணுவதற்குக் கட்டம் போட்ட கண்ணாடி) எண்ணுங்கள். ஓட்ஸில் உள்ளது பெரும்பாலும் புரதமாகக் கட்டுண்ட அமினோ அமிலம். "ஓட்ஸ் சத்தான மீடியம்தானே" என்ற தைரியம் செல்லாது.

காலனி சாம்பல் நிறம் விட்டு வெளிர் பழுப்பாகியிருந்தால் நிறுத்துங்கள். வளர்ப்பில் தானாகத் தோன்றும் மெலனின் திரிபாக இருக்கலாம். மெலனின் இல்லாத பூஞ்சை எப்படியும் இலையைத் துளைக்காது. அந்தப் பழியை உங்கள் அமினோ அமில ஜீன் மேல் போட்டுவிடக் கூடாது.

## அறிகுறி 6: வித்து இருக்கிறது, அப்ரசோரியம் (இலையைத் துளைக்கும் உறுப்பு) இல்லை அல்லது தாமதம்

கழுவுங்கள். பெப்டோன், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் போன்ற சத்து ஒட்டியிருந்தால் வைல்டு டைப்பே அப்ரசோரியம் போடாமல் முளைக்குழாயை நீட்டிக்கொண்டே போகும். தீனி இருக்கும்போது இலையைத் துளைக்க அதற்கு என்ன அவசரம்.

கழுவிய வித்து மில்லிக்கு 50,000. நீர் ஒட்டாத கவர்ஸ்லிப்பில் 20 மைக்ரோலிட்டர் சொட்டு, ஈரப்பெட்டி, 25° செ. 2 மணியில் முளைப்பு, 8 மணியில் அப்ரசோரியம், 24 மணியில் கறுத்து முதிர்ந்தது என்று மூன்று முறை பாருங்கள். 24 மணி மட்டும் பார்த்தால் தாமதம் கண்ணில் படாது. நீர் ஒட்டும் கண்ணாடியில் வைத்தால் எந்த ஸ்ட்ரெய்னும் சரியாக அப்ரசோரியம் போடாது.

முளைக்கவே இல்லையென்றால் சொட்டில் அமிலத்தை 0.1 மில்லிமோலாரிலிருந்து தொடங்கிக் கொடுங்கள். அதிகமானால் மேலே சொன்னபடி சத்தே அப்ரசோரியத்தைத் தடுத்துவிடும்.

## அறிகுறி 7: அப்ரசோரியம் சரி, இலையில் புண் இல்லை

முதலில் செடி. நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகம் வேண்டும். கோயம்புத்தூரில் உருவான கோ 39 தான் உலகம் முழுக்கக் குலைநோய் ஆய்வகங்களில் இதற்கு வளர்க்கப்படுகிறது. 14 முதல் 21 நாள் நாற்று, மில்லிக்கு 1 லட்சம் வித்து, 0.2 சதவீத ஜெலட்டின், 24 மணி இருட்டு, ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல், 25 முதல் 28° செ. ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை பாருங்கள். இளம் இலையில் எண்ணுங்கள், முதிர்ந்த இலை எதிர்க்கும். யூரியா எல்லாத் தட்டுக்கும் ஒரே அளவு. தழைச்சத்து மிகுந்த நாற்றில் குலைநோய் கூடும். ஒரு தட்டுக்கு அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு என்றால் ஸ்ட்ரெய்ன் வித்தியாசமெல்லாம் அதில் கரைந்துபோகும்.

செடி சரி என்றால் மூன்று சோதனை, இந்த வரிசையில்.

கீறிய இலை. வெட்டிய இலையில் ஊசியால் லேசாகக் கீறி, 20 மைக்ரோலிட்டர் வித்துச் சொட்டு வையுங்கள். கீறினால் புண் வந்து, கீறாமல் வரவில்லை என்றால் பழுது துளைப்பதில். கீறியும் வரவில்லை என்றால் பழுது உள்ளே போன பிறகு; சாப்பாடு கிடைக்காமல் இருக்கலாம்.

அழுத்தம். துளைப்பதில் பழுது என்றால் 24 மணி அப்ரசோரியத்தை 1, 2, 3, 4 மோலார் கிளிசராலில் 10 நிமிடம் வைத்துச் சுருங்கியவற்றை எண்ணுங்கள். வைல்டு டைப்பில் இந்த அழுத்தம் 8 மெகாபாஸ்கல்வரை போகும். மியூட்டன்ட் குறைந்த செறிவிலேயே சுருங்கினால் அழுத்தம் ஏறவில்லை.

இலையுறை. உள்ளே பட்டினி என்றால் நெல் இலையுறையின் உட்பக்கத் தோலில் வித்து வைத்து, 24, 36, 48 மணிக்கு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். வைல்டு டைப் இழை கிளைத்து அடுத்த செல்லுக்குத் தாண்டியிருக்கும். மியூட்டன்ட் முதல் செல்லிலேயே குட்டையாக நின்றிருந்தால், அந்தச் செல்லில் கிடைக்கும் அமிலம் போதவில்லை என்பதுதான் முதல் ஊகம். வித்துக் கரைசலில் அமிலத்தை 1, 5, 10 மில்லிமோலார் சேர்த்து மறுபடி வையுங்கள். இழை நீண்டால் ஊகம் உறுதி. நீளவில்லை என்றால் அந்த ஜீனுக்கு வேறு வேலையும் இருக்கலாம். உண்மையில் சுவையான மியூட்டன்ட் அதுதான்.

அமிலம் மட்டும் தெளித்த செடியும், அமிலத்தோடு வைல்டு டைப் தெளித்த செடியும் கட்டாயம். குளுட்டமேட் போன்ற சில அமினோ அமிலங்கள் நெல்லின் தற்காப்பையே தூண்டிவிடும். அப்போது நோய் குறைவது பூஞ்சையால் அல்ல, செடியால்.

## அறிகுறி 8: காம்ப்ளிமென்ட் பாதிதான் மீண்டது

ஒன்றை வைத்து முடிவெடுக்காமல் நான்கைந்து காம்ப்ளிமென்ட்களைப் பாருங்கள். நுழைந்த இடத்தைப் பொறுத்து வெளிப்பாடு மாறும். புரமோட்டர் (ஜீனை இயக்கும் முன்பகுதி) 1.5 கிலோபேஸாவது இருக்கட்டும். எதுவுமே முழுதாக மீளவில்லை என்றால் மியூட்டன்டில் வேறொரு பழுது சேர்ந்திருக்கிறது. தனியாகக் கிடைத்த இன்னொரு மியூட்டன்டில் தொடங்குங்கள்.

## எப்போது வெளியே அனுப்புவது

மூன்று நிலைகளில். தனித்தனியாகக் கிடைத்த இரண்டு மியூட்டன்ட்கள் வெவ்வேறு மாதிரி நடந்தால் முழு ஜீனோம் வரிசைப்படுத்தலுக்கு. மார்க்கர் எத்தனை இடத்தில் நுழைந்தது என்பதில் பிசிஆர் குழப்பினால், சதர்ன் பிளாட் பழகிய ஆய்வகத்துக்கு. அமிலம் உள்ளே போகிறதா, இடைப்பொருள் எங்கே தேங்குகிறது என்பதை எண்ணாகச் சொல்ல வேண்டுமானால் எல்சி-எம்எஸ் வசதிக்கு.

கடைசியதற்கு அனுப்பும் முன் அவர்களிடம் பேசுங்கள். மைசீலியத்தை (பூஞ்சை இழைத் தொகுதி) வடித்து, குளிர்ந்த நீரில் ஒருமுறை கழுவி, உடனே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். மேஜைமேல் வைத்துவிட்டு லேபிள் எழுதும் நேரத்துக்குள் குளுட்டமின் அளவு மாறிவிடும், லேபிளை முதலில் எழுதுங்கள். ஸ்ட்ரெய்னுக்கு ஐந்து தனித்தனி வளர்ப்பு, எல்லாம் ஒரே வயது. ஒரே ஃபிளாஸ்க்கை ஐந்தாகப் பிரித்தால் அது ஐந்து அல்ல, ஒன்று.

ஜீன் மாற்றிய நோய்ப்பூஞ்சை என்பதால் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேலை தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். தெளித்த செடிகளும் தட்டு மண்ணும் ஆட்டோகிளேவுக்குப் போகாமல் வெளியே போகக் கூடாது, நெல் விளையும் ஊரில் இருக்கும் ஆய்வகம் என்றால் இன்னும் கண்டிப்பாக.